வீடு மாறும்போது நெட் கனெக்‌ஷனை என்ன செய்வது: ஷிஃப்டிங்கா, ரத்தா, அடுத்தவர் பெயருக்கு மாற்றுவதா?

ஒரு வருடத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டி பிராட்பேண்ட் போட்டிருப்பீர்கள். ஐந்தாறு மாதத்தில் ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொல்வார், அல்லது வேலை ஓஎம்ஆர் பக்கம் மாறும். சொந்த வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட பில்டரிடம் ஜாயின்ட் வென்ச்சருக்குக் கொடுத்துவிட்டு, கட்டி முடியும்வரை வாடகைக்குப் போகிற குடும்பங்களும் சென்னையில் ஏராளம். எல்லோருக்கும் கடைசியில் வருவது ஒரே கேள்விதான்: கட்டிய பணத்தில் பாக்கி மாதங்களை என்ன செய்வது?

வழிகள் நான்கு. கனெக்‌ஷனைப் புது வீட்டுக்கு ஷிஃப்ட் செய்யலாம். ரத்து செய்து ரீஃபண்ட் கேட்கலாம். பழைய வீட்டுக்கு வருகிறவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கலாம். கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம். இதில் எது சரி என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: புது வீட்டு வாசலுக்கு அதே கம்பெனி லைன் வருமா, இன்னும் எத்தனை மாதம் பாக்கி.

லைன் வரும், இரண்டு மாதத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது என்றால் ஷிஃப்டிங்தான் லாபம். ரத்து என்பது லைன் வராத இடத்துக்குப் போகிறவர்களுக்கான வழி. அதையும் ‘எனக்கு வேண்டாம்’ என்று கேட்கக் கூடாது. ‘உங்களால் அங்கே தர முடியவில்லை’ என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கேட்க வேண்டும். இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் ஆயிரக்கணக்கில் பணம் நிற்கிறது.

வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பார்க்க வேண்டியது

கம்பெனியின் ஆப்பில் பின்கோடு போட்டால் ‘உங்கள் பகுதியில் சேவை உண்டு’ என்று பச்சை டிக் வரும். அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். 600042 என்று போட்டால் வேளச்சேரியில் நூற்றுக்கணக்கான தெருக்கள் அதற்குள் அடங்கும். மெயின் ரோட்டில் லைன் இருக்கும், நான்காவது குறுக்குத் தெருவில் இருக்காது. தெருவில் லைன் இருந்தாலும் உங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் இடம் இருக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குள் ஒரு ஃபைபரை எட்டாகவோ பதினாறாகவோ பிரிக்கும் ஸ்பிளிட்டர் இருக்கும். எல்லா முனைகளும் நிரம்பிவிட்டால் டெக்னீஷியன் ‘போர்ட் ஃபுல்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். புதுப் பெட்டி போட அவருக்கு அதிகாரம் கிடையாது. அது வேறு டீம், வேறு பட்ஜெட். வாரக்கணக்கில் இழுப்பது பெரும்பாலும் இங்கேதான்.

ஆகவே வீடு பார்க்கப் போகும்போதே மாடிப்படிச் சுவரைப் பாருங்கள். சென்னை அடுக்குமாடிகளில் நெட் பெட்டிகள் பெரும்பாலும் மீட்டர் போர்டு பக்கத்திலோ மொட்டைமாடிக் கதவுக்கு அருகிலோ இருக்கும். பெட்டியின் மேல் கம்பெனி பெயர் ஒட்டியிருக்கும். பெட்டியே இல்லாமல் தெருக் கம்பத்திலிருந்து நேராக ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் கறுப்பு டிராப் கேபிள் தொங்குகிற கட்டடங்களும் உண்டு. வாச்மேனிடமோ எதிர் ஃபிளாட்டிலோ ‘இங்கே எந்த நெட் ஓடுது, அடிக்கடி கட் ஆகுமா’ என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் உண்மை வந்துவிடும். சில சங்கங்கள் ஒன்றிரண்டு கம்பெனிகளை மட்டுமே உள்ளே விடுகின்றன. அதையும் செக்ரட்டரியிடம் கேட்டுவிடுங்கள்.

பிறகு கஸ்டமர் கேருக்கு அழைத்து, கதவு எண், பிளாக், மாடி, தெரு எல்லாம் கொடுத்து ‘ஃபீசிபிலிட்டி செக்’, அதாவது அந்த முகவரிக்கு லைன் தர முடியுமா என்ற சோதனை, போடச் சொல்லுங்கள். வெறுமனே ‘ஷிஃப்டிங் வேண்டும்’ என்றால் கோரிக்கை நேராக ஷிஃப்டிங் வரிசைக்குப் போய், பழைய வீட்டு லைனை முன்கூட்டியே துண்டித்துவிடும் ஆபத்து உண்டு. முதலில் ஃபீசிபிலிட்டி, பதில் வந்த பிறகே தேதி. கோரிக்கை எண்ணை எழுதி வையுங்கள். முடியாது என்று பதில் வந்தால் அந்த எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீர்கள். ரீஃபண்டுக்கு அதுதான் ஆதாரம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒரே கம்பெனி ஒரு கட்டடத்துக்கு வீடு வரை ஃபைபர் கொடுக்கும். இன்னொரு பழைய கட்டடத்தில் கீழே ஒரு சுவிட்ச் வைத்து, அங்கிருந்து வீட்டுக்குச் செம்புக் கம்பி ஈத்தர்நெட் கேபிள் இழுத்திருக்கும். ஃபைபர் வீட்டில் ஒளியை நெட் சிக்னலாக மாற்றும் ஓஎன்டி என்ற பெட்டி வேண்டும், ஈத்தர்நெட் வீட்டில் சாதாரண ரூட்டர் போதும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனால் இருக்கும் கருவி உதவாது. புதுக் கருவிக்கு டெபாசிட் கேட்பார்களா, உங்கள் வேகத் திட்டம் அங்கே கிடைக்குமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

பணக் கணக்கு: கழிக்கும் முறைதான் எல்லாம்

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மாதம் 800 ரூபாய் திட்டம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 944. வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்று 8,000 ரூபாய் மட்டும் வாங்குகிறார்கள், ஜிஎஸ்டியோடு 9,440. இன்ஸ்டலேஷன் 1,000 ரூபாயும் தள்ளுபடி. ஐந்து மாதம் ஓட்டிவிட்டு வீடு மாறுகிறீர்கள்.

உங்கள் மனக்கணக்கு இப்படி ஓடும்: பன்னிரண்டில் ஏழு மாதம் பாக்கி, ஆகவே ஏறக்குறைய 5,507 ரூபாய் திரும்ப வர வேண்டும். கம்பெனி அப்படிக் கணக்குப் போடாது. வருடத் திட்டத்தின் நிபந்தனைகளில் பொதுவாக இருப்பது, முன்கூட்டி நிறுத்தினால் சலுகை போய்விடும், ஓட்டிய மாதங்களுக்கு மாத விலை பிடிக்கப்படும் என்பதே. ஐந்து மாதம் 944 வீதம் 4,720. தள்ளுபடி செய்த இன்ஸ்டலேஷன் ஜிஎஸ்டியோடு 1,180. ஆக 5,900 கழித்து, கைக்கு வருவது 3,540.

எட்டு மாதம் ஓட்டியிருந்தால் 7,552 கூட்டல் 1,180, அதாவது 8,732 போய், திரும்ப வருவது 708 ரூபாய். ஒன்பதாவது மாதம் முடிந்தால் 9,676 ஆகிறது. நீங்கள் கட்டியதையே தாண்டிவிட்டது, ரீஃபண்ட் சைபர். இரண்டு மாத இலவசம் எப்போதும் கடைசி மாதங்களில்தான் ஒளிந்திருக்கிறது. அதுவரை இருக்காதவருக்கு அது சலுகையே இல்லை.

இதே ஐந்தாவது மாதத்தில் ஷிஃப்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் 500 என்றால் ஜிஎஸ்டியோடு 590. அதைக் கொடுத்தால் ஏழு மாதம் நெட் ஓடும். மாறாக, ரத்து செய்து 3,540 வாங்கி, வேறு கம்பெனியில் அதே விலைக்கு மாதாமாதம் போட்டால், ஏழு மாதத்துக்கு 6,608, இன்ஸ்டலேஷன் 1,180, மொத்தம் 7,788. கிடைத்த ரீஃபண்டைக் கழித்தாலும் கையை விட்டுப் போவது 4,248. புது கம்பெனி இன்ஸ்டலேஷன் இலவசம் என்றாலும் 3,068. எப்படிப் பார்த்தாலும் ஷிஃப்டிங் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம் செய்கிறது.

உங்கள் எண்களை இதில் போட்டுப் பாருங்கள். கட்டணங்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், ஆனால் கணக்கின் உருவம் மாறாது. பாக்கி ஒரே ஒரு மாதம் என்றால் மட்டும் 590 கொடுத்து 944 ரூபாய் சேவையைக் காப்பாற்ற அலைவதில் அர்த்தமில்லை. புது வாடிக்கையாளர் சலுகையில் வேறு கனெக்‌ஷன் போட்டுவிடலாம்.

மாதாமாதம் பில் கட்டும் போஸ்ட்பெய்ட்காரர்களுக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் கிடையாது. ஆனால் இலவச இன்ஸ்டலேஷனோ இலவச ரூட்டரோ வாங்கியிருந்தால், குறைந்தபட்சம் இத்தனை மாதம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தே வந்திருக்கலாம். ஆர்டர் போட்டபோது வந்த வெல்கம் மெயிலில் அது இருக்கும்.

ஷிஃப்டிங்: எங்கே சிக்குகிறது

பத்துப் பதினைந்து நாள் முன்பே கோரிக்கை போடுங்கள். ஆடியில் யாரும் அதிகம் வீடு மாறுவதில்லை. ஆவணி பிறந்ததும், தை பிறந்ததும், ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்பும் எல்லோரும் ஒரே வாரத்தில் கிளம்புவார்கள். மாதக் கடைசியும் முதல் ஐந்து தேதியும் எப்போதுமே கூட்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெக்னீஷியன்கள் முழுக்க அறுந்த லைன்களைச் சேர்ப்பதிலேயே இருப்பார்கள். ஷிஃப்டிங் பின்னுக்குத் தள்ளப்படும். மழைநீர் வடிகாலுக்கோ மெட்ரோவுக்கோ தோண்டுகிற தெருவாக இருந்தால் இன்னும் தாமதம்.

சென்னையில் வாடகை வீட்டுக்கும் நல்ல நாள் பார்த்து முதலில் பால் காய்ச்சுவார்கள், சாமான் பிறகுதான் வரும். இந்த இடைவெளியை விட்டுவிடாதீர்கள். சாவி கையில் இருக்கும், வீடு காலியாக இருக்கும், பீரோவும் கட்டிலும் சுவரை மறைக்காது. அன்றே டெக்னீஷியனை வரவழைத்து கேபிளை மட்டும் உள்ளே இழுத்து, ஸ்பிளைஸ் செய்து (ஃபைபர் முனைகளை ஒட்டி இணைத்து), ஒளி அளவைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். பழைய வீட்டில் நெட் அதுவரை ஓடிக்கொண்டிருக்கும். சாமான் வந்த அன்று ஓஎன்டியைச் செருகி, கம்பெனி பக்கத்தில் புது போர்ட்டில் பதிவு செய்தால் போதும். ஓஎன்டி அதன் சீரியல் நம்பரோடு கம்பெனியின் ஒரு குறிப்பிட்ட போர்ட்டில் பதிவாகியிருக்கிறது. நீங்களே கழற்றிக் கொண்டுபோய்ப் புது வீட்டு கேபிளில் செருகினால் விளக்கு எரியும், நெட் வராது.

ஒளி அளவை டெக்னீஷியன் பவர் மீட்டரில் காட்டுவார். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 டிபிஎம் (ஒளியின் பலத்தை அளக்கும் அலகு) வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐ நெருங்கினால் இன்று ஓடும், மழை வந்தாலோ ஒரு கனெக்டரில் தூசி சேர்ந்தாலோ படுத்துவிடும். ‘ஓடுதே சார்’ என்று அவர் கிளம்பப் பார்ப்பார். மீண்டும் ஸ்பிளைஸ் செய்யச் சொல்லி அங்கேயே கேளுங்கள். அவர் போன பிறகு அதே வேலைக்கு நீங்கள் புதுப் புகார் போட வேண்டியிருக்கும்.

பழைய வீட்டில் கழற்றும்போது கேபிளை வெட்ட வேண்டாம். பச்சை முனை கொண்ட கனெக்டரை மெல்ல இழுத்து எடுத்து, முனையில் மூடி போட்டு, சுவரிலேயே சுருட்டி விட்டுவிடுங்கள். அடுத்து வருகிறவருக்கு அதே கேபிள் உதவும். ஃபைபரை மடித்து ஒடித்துக் கட்டினால் உள்ளே கண்ணாடி விரிசல் விடும். உள்ளங்கை அளவு வட்டத்துக்குச் சிறிதாகச் சுருட்டாதீர்கள். முனையைக் கண்ணுக்கு நேராக வைத்து எட்டிப் பார்க்கவும் கூடாது. அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

ஓஎன்டியின் பின்னால் இருக்கும் சின்ன ரீசெட் துளையில் ஊசி விட வேண்டாம். கம்பெனி வைத்த செட்டிங்ஸ் எல்லாம் அழிந்து, அதைத் திரும்பப் போடவே ஒரு நாள் போகும். அடாப்டரை ஓஎன்டியோடேயே ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். செட் டாப் பாக்ஸ் அடாப்டரும் ஓஎன்டி அடாப்டரும் பார்க்க ஒன்றுபோல 12 வோல்ட்டாக இருக்கும். ஆம்பியர் குறைந்ததை மாற்றிச் செருகினால் ஓஎன்டி நிமிடத்துக்கொருமுறை அணைந்து எழும். லைன் கோளாறு என்று நினைத்துப் புகார் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருப்பார்கள். காரணம் பிளக்கில் இருக்கும்.

புது வீட்டில் துளை போட ஓனர் சம்மதம் வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதிலேயே ‘இன்டர்நெட் கேபிளுக்கு ஒரு துளை போட்டுக்கொள்ளலாம், காலி செய்யும்போது வாடகைதாரர் அடைத்துத் தருவார்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், பிறகு அட்வான்ஸில் பெயின்டிங் கணக்கோடு இதையும் சேர்த்துப் பிடிக்கும் வாக்குவாதம் வராது. ஏசி குழாய்த் துளையோ ஜன்னல் ஃபிரேம் இடுக்கோ இருந்தால் துளையே தேவையில்லை. முந்தைய வாடகைதாரர் அதே கம்பெனியாக இருந்திருந்தால் அவருடைய கேபிளே சுவரில் தொங்கும். டெக்னீஷியனிடம் அதைக் காட்டுங்கள்; புதுக் கேபிளுக்கான மீட்டர் கணக்கு மிச்சமாகும்.

ஷிஃப்டிங்கில் லைன் இல்லாமல் போன நாட்களுக்கு வேலிடிட்டியை நீட்டிக் கேட்கலாம். தானாகத் தர மாட்டார்கள். துண்டித்த தேதி, புது வீட்டில் ஓடத் தொடங்கிய தேதி இரண்டையும் போட்டு மெயில் அனுப்புங்கள். லேண்ட்லைன் எண்ணும் சேர்ந்திருந்தால் அது புது இடத்துக்கு வருமா என்று தனியாகக் கேளுங்கள். இந்தியாவில் எண்ணை வைத்துக்கொண்டு கம்பெனி மாற்றும் வசதி மொபைலுக்கு மட்டும்தான், லேண்ட்லைனுக்குக் கிடையாது. பேங்கிலும் பள்ளியிலும் கேஸ் ஏஜென்சியிலும் அந்த எண்ணைக் கொடுத்திருக்கும் பெரியவர்கள் வீட்டில் இது சின்ன விஷயம் அல்ல. ஒரு நன்மையும் உண்டு: வாடகை வீட்டில் கரண்ட் பில் ஓனர் பெயரில் இருக்கும். லேண்ட்லைனோடு வரும் போஸ்ட்பெய்ட் பில் உங்கள் பெயரில் புது முகவரிக்கு வந்தால், பேங்கில் முகவரிச் சான்றாகக் காட்ட உதவும்.

ரத்து: லைன் வராதபோது

ஃபீசிபிலிட்டி இல்லை என்று பதில் வந்துவிட்டதா? இனி மெயிலில் மட்டும் பேசுங்கள். கணக்கு எண், கட்டிய தொகை, தேதி, ஓட்டிய மாதங்கள், ஃபீசிபிலிட்டி கோரிக்கை எண், அவர்கள் சொன்ன பதில் எல்லாவற்றையும் ஒரே மெயிலில் எழுதுங்கள். கூடவே, ‘சேவையைத் தொடர விரும்பினேன், தங்களால் புது முகவரியில் தர இயலவில்லை, ஆகவே இன்ஸ்டலேஷன் கழிவும் மாத விலைக் கணக்கும் இல்லாமல், பாக்கி மாதங்களுக்கு விகிதப்படி திருப்பித் தரவும்’ என்று தெளிவாகக் கேளுங்கள். நிபந்தனையில் என்ன எழுதியிருந்தாலும், மேலாளர் மட்டத்தில் விட்டுக்கொடுக்க இடம் கிடைப்பது இந்த ஒரு காரணத்துக்குத்தான். மேலே சொன்ன கணக்கில் அது 3,540க்கும் 5,507க்கும் உள்ள வித்தியாசம். போனில் ‘வீடு மாறுறேன், கட் பண்ணிடுங்க’ என்று சொன்னால் அது ‘வாடிக்கையாளர் விருப்பம்’ என்று பதிவாகும். பிறகு மாற்றுவது கடினம்.

இன்னொரு கண்ணி, பணம் கட்டுவதை நிறுத்தினால் கனெக்‌ஷன் தானாக முடிந்துவிடும் என்ற நினைப்பு. ப்ரீபெய்டில் அது நடக்கும். போஸ்ட்பெய்டில் பில் ஏறிக்கொண்டே போகும். பிறகு வசூல் ஏஜென்சி போனும், வக்கீல் நோட்டீஸ் என்ற பெயரில் மெயிலும் வரும். ரத்துக் கோரிக்கை போட்டு, அதன் எண் வந்த பிறகு யுபிஐ ஆட்டோபேயையும் கார்டு மேண்டேட்டையும் நீங்களே ஆப்பில் போய் நீக்குங்கள். கடைசி பில்லைக் கையால் கட்டி, ‘பாக்கி இல்லை’ என்று மெயில் வாங்குங்கள். பில் சுழற்சி 12ஆம் தேதி தொடங்குகிறது என்றால் 10ஆம் தேதிக்குள் முடிவதுபோல் பாருங்கள், 14ஆம் தேதி அல்ல.

கருவியைத் திருப்பிக் கொடுப்பதில்தான் அதிகப் பேர் பணத்தை இழக்கிறார்கள். ஓஎன்டி, அடாப்டர், செட் டாப் பாக்ஸ், ரிமோட், எச்டிஎம்ஐ கேபிள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, ஓஎன்டியின் அடியில் உள்ள சீரியல் நம்பர் தெரியும்படி போட்டோ எடுங்கள். எடுக்க வருகிறவர் கொடுக்கும் ஒப்புகையில் அந்த எண் இருக்க வேண்டும். யாரும் வரவில்லை, நீங்களோ நாளை காலி செய்கிறீர்கள் என்றால், பக்கத்துக் கிளை அலுவலகத்தில் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ‘வாச்மேனிடம் கொடுத்துட்டேன்’ என்பது எந்தப் புகாரிலும் நிற்காது.

ரீஃபண்ட் என்று சொல்லி வரும் போன் அழைப்புகளில் கவனம் தேவை. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடத் தேவையே இல்லை. பின் கேட்டால் உங்கள் பணம்தான் போகும். கஸ்டமர் கேர் எண்ணைத் தேடலில் எடுக்காமல் பில்லிலிருந்து எடுங்கள்.

அடுத்து வருகிறவர் பெயருக்கு மாற்றுவது

லைன் வராத வீட்டுக்குப் போகிறீர்கள், அதுவும் வருடத் திட்டத்தின் பிற்பகுதியில் என்றால், இதுதான் சிறந்த வழி. ஒன்பது மாதம் முடிந்தபின் ரத்து செய்தால் சைபர். அடுத்த வாடகைதாரரிடமோ ஓனரிடமோ மூன்று மாதத்துக்கு விகிதப்படி 2,360 ரூபாய் கேட்டால் அவருக்கும் லாபம், ஏனென்றால் அவர் மாத விலையில் போட்டால் 2,832 ஆகும், இன்ஸ்டலேஷன் தனி. வந்த அன்றே நெட் ஓடும் என்பது அதற்கும் மேல்.

ஆனால் பெயர் மாற்றம் முறைப்படி நடக்க வேண்டும். கம்பெனியிடம் அதற்கான படிவம் இருக்கிறதா, வருடத் திட்டத்தோடு மாற்ற விடுவார்களா என்று முதலில் கேளுங்கள். இரு தரப்பு அடையாளச் சான்றும், உங்கள் சம்மதமும், புதியவரின் கேஒய்சியும் வேண்டும். நட்புக்காக ‘என் பேர்லயே ஓடட்டும்’ என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த ஐபி முகவரியிலிருந்து ஏதாவது மோசடியோ மிரட்டலோ போனால் சைபர் கிரைம் முதலில் தேடி வருவது கனெக்‌ஷன் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். ஆட்டோபே, கம்பெனி ஆப் உள்நுழைவு, அதோடு வந்த ஓடிடி கணக்குகள் மூன்றையும் பிரித்துவிட்டுத்தான் பணம் வாங்க வேண்டும். புதியவர் பக்கத்தில் நின்று பார்த்தால், பெயர் மாறிய எஸ்எம்எஸ் வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காமல் இருப்பது நியாயம்.

நிறுத்தி வைப்பதும் மற்றவையும்

புது வீடு கைக்கு வர ஒன்றிரண்டு மாதம் ஆகும், நடுவில் சொந்த ஊரில் இருக்கப் போகிறீர்கள் என்றால், சில கம்பெனிகளில் ‘சேஃப் கஸ்டடி’ என்ற தற்காலிக நிறுத்தம் உண்டு. வருடத் திட்டத்தில் அந்த நாட்களுக்கு வேலிடிட்டியை நீட்டித் தருவார்களா என்பதுதான் கேட்க வேண்டிய ஒரே கேள்வி. தர மாட்டார்கள் என்றால் நிறுத்தி வைப்பதில் பயன் எதுவும் இல்லை.

தெருவில் கேபிள் டிவிக்காரர் கொடுக்கும் நெட் என்றால் ஷிஃப்டிங் பேச்சே எடுக்க வேண்டாம். அவருடைய எல்லை சில தெருக்கள்தான். மாதக் கணக்குதான் என்பதால், வந்த பெட்டியைக் கொடுத்து டெபாசிட்டை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அவரிடம் வருடப் பணம் ரொக்கமாகக் கட்டி ரசீது வாங்காதவர்களுக்கு எந்த மேல்முறையீடும் உதவாது.

புது வீட்டில் ஃபைபரே இல்லை என்றால், கேபிள் இல்லாமல் மொபைல் டவர் சிக்னலில் நெட் தரும் 5ஜி ஏர்ஃபைபர் ஒரு மாற்று. ஜியோ ஏர்ஃபைபர் 2023 செப்டம்பரில் முதலில் வந்த எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. பெருங்குடி, மேடவாக்கம் போன்ற நெருக்கமான இடங்களில் மாலை நேரத்தில் ஒரே டவரை நிறையப் பேர் பகிர்வதால் வேகம் குறையும். ஃபைபரில் மாதம் 3,300 ஜிபி வரை எல்லை வைக்கும் அதே கம்பெனி, ஏர்ஃபைபரில் 1,000 ஜிபியில் நிறுத்துகிறது. மொட்டைமாடியில் வெளிக் கருவி பொருத்த ஓனர் அனுமதியும் வேண்டும். அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்குத் தெருவில் போர்ட் இருக்கிறதா என்ற கவலை இல்லாதது இதன் பலம். நாள் முழுக்க வீடியோ மீட்டிங்கில் இருப்பவர்களுக்கு ஃபைபரை விட்டு இதற்குப் போகச் சொல்ல முடியாது.

பணம் வரவில்லை என்றால்

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு புகார் விதிமுறைகளின்படி இரண்டு படிகள். முதலில் கஸ்டமர் கேரில் புகார் கொடுத்து டாக்கெட் எண் (புகார் எண்) வாங்க வேண்டும். ஆப் சாட்டில் பேசியது மட்டும் போதாது, எண் வர வேண்டும். பதில் திருப்தி இல்லை என்றால், 30 நாட்களுக்குள் அதே கம்பெனியின் அப்பலேட் அத்தாரிட்டியிடம் (மேல்முறையீட்டை விசாரிப்பவர்) மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் கிடையாது. 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இந்தப் படியை மதிக்கிறவர்கள் குறைவு, ஆனால் டாக்கெட் எண்ணும் ஃபீசிபிலிட்டி இல்லை என்ற எஸ்எம்எஸ்ஸும் சேர்ந்த ஒரு மேல்முறையீட்டில் பல ரீஃபண்டுகள் நகர்ந்துவிடுகின்றன.

அதோடு கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிவு செய்யலாம். தொலைத்தொடர்பு விவகாரங்கள் நுகர்வோர் ஆணையத்துக்கு வராது என்று கம்பெனி வக்கீல்கள் நெடுநாள் வாதாடி வந்தார்கள். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வரும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். இரண்டாயிரம் ரூபாய்க்காக இவ்வளவு தூரமா என்று தோன்றும். அங்கே போகப் போகிறீர்கள் என்று ஆதாரங்களோடு ஒரு மெயில் அனுப்புவதற்குச் செலவு இல்லை.

புது வீட்டில் எந்தத் திட்டம் எடுப்பது என்பதற்கு வாடகை ஒப்பந்தத்தையே பாருங்கள். சென்னையில் 11 மாத ஒப்பந்தம்தான் வழக்கம். 11 மாத வீட்டுக்கு 12 மாதத் திட்டம் போட்டால், சலுகை ஒளிந்திருக்கும் அந்தக் கடைசி மாதங்கள் ஓனர் கையில் போய்விடுகின்றன. முதல் வருடம் மாதாமாதமோ மூன்று மாதமோ போட்டு, ஒப்பந்தம் புதுப்பித்த பிறகு வருடத் திட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம்.